எடை மேடை ஸ்டாப்பிங்

ஜனவரி 20, திங்கள்

பொங்கலுக்கு டயர் கடைக்காரர் கொடுத்த டைரி இது. இத்தனை வருஷமாக இப்படி வந்த டைரிகளையெல்லாம் கண்டக்டர் மாதையனிடம் தள்ளிவிடுவேன். நாள் முழுக்கப் பேசிக்கொண்டே பஸ் ஓட்டுகிறவனுக்கு டைரி எதற்கு? இப்போது பேச ஆள் இல்லை. எழுதித் தொலைக்கிறேன்.

இன்று சங்ககிரியில் டிரெய்லர் வேலையில் சேர்ந்தேன். திருச்செங்கோடு – ராசிபுரம் தடத்தில் எத்தனையோ வருஷம் பஸ் ஓட்டிய சென்னியப்பன், இனிமேல் லாரி டிரைவர். அதுவும் சாதாரண லாரி இல்லை. முன்னால் ஒரு கேபின், பின்னால் நீளமாக ஒரு இரும்புத் தட்டு. சுவர் கிடையாது, கூரை கிடையாது. பந்தல் போட்டால் ஒரு கல்யாணமே நடத்தலாம். அவ்வளவு காலியாகக் கிடக்கிறது.

பஸ்ஸை ஏன் விட்டீர்கள் என்று மேனேஜர் கேட்டார். முழங்கால் வலி, பஸ்ஸில் அடிக்கடி கிளட்ச் மிதிக்க வேண்டியிருக்கிறது என்றேன். டிரெய்லரில் மட்டும் கிளட்ச்சை யார் வந்து மிதிப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

எனக்குக் கற்றுக்கொடுக்க இசக்கிராஜ் என்று ஒருவனை விட்டிருக்கிறார்கள். கடையநல்லூர்ப் பக்கம். என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருப்பான். முதல் இரண்டு நடைக்குக் கூட வருவான், அதற்கப்புறம் அவன் வண்டிக்கு அவன், என் வண்டிக்கு நான். இன்று யார்டில் ரிவர்ஸ் எடுக்கப் பழக்கினான். பின்தட்டு இடது பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டுமாம். நான் பழக்கதோஷத்தில் இடதுக்கு ஒடித்தேன். வண்டி முழங்கை மாதிரி மடங்கி நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, அப்படியே விட்டுட்டு எறங்குங்க. நாம ஒரு டீயக் குடிச்சிட்டு வந்து மடக்குனத நிமுத்துவோம்" என்றான்.

கோபப்படவில்லை. அதுவே எனக்குக் கோபமாக இருந்தது.

இன்னொரு கூத்து. வண்டியைக் கிளப்பக் கால் வரவில்லை. ஏனென்று யோசித்துப் பார்த்தேன். பின்னாலிருந்து டபுள் விசில் வரவில்லை. இசக்கிராஜ் பார்க்காதபோது நானே வாயைக் குவித்து மெதுவாக இரண்டு விசில் கொடுத்துக்கொண்டேன். அப்புறம்தான் வண்டி நகர்ந்தது.

ஜனவரி 22, புதன்

சென்னைக்கு வடக்கே ஒரு இரும்பு யார்டில் முதல் லோடு. இரும்புத் தகட்டைப் பாய் மாதிரிச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். காயில் என்று பெயர். ஆள் உயரம். ஓசூரில் ஒரு பைப் கம்பெனிக்குப் போகிறது. கிரேன் இறக்கி வைத்ததும் டிரெய்லர் ஒருமுறை முனகியது.

அடியில் மரக்கட்டை, இரண்டு பக்கமும் ஆப்பு, மேலே குறுக்கும் நெடுக்கும் சங்கிலி. சங்கிலியை முறுக்கி இறுக்கும் கைப்பிடிக்கு ரேச்சட் என்று பெயர். இறுக்கிவிட்டு இசக்கிராஜ் கம்பியால் சங்கிலியை ஒரு தட்டுத் தட்டினான்.

"டிங்னு பேசணும் அண்ணாச்சி. தொப்புன்னு சொன்னா இன்னும் ஒரு முறுக்கு."

டிங் என்றுதான் பேசியது. அப்புறமென்ன, போகலாம் என்றேன். சிரித்தான்.

"கட்டுன உடனே எல்லாம் டிங்னுதான் பேசும். ஓட ஓட லோடு உக்காரும். உக்காந்த பொறவு சங்கிலி தொளதொளன்னு ஆயிரும். அதனால மொதல் ஒரு மணி நேரத்துல எங்கயாவது நிப்பாட்டி, எறங்கிப் பாத்து, மறுபடியும் இறுக்கணும். இத மட்டும் மறந்திராதீய. பஸ்ஸுல சனம் கம்பியப் பிடிச்சுக்கிடும், கூப்பாடு போடும். இது வாயத் தொறக்காது."

எங்கள் கம்பெனி டிரைவர்கள் நிறுத்துகிற இடம் சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு எடை மேடை. லாரிகளை ஏற்றி எடை போடுகிற இடம். பக்கத்தில் பெரிய பொட்டல், ஒரு டீக்கடை. பின்னால் ஃபேக்டரிப் பிள்ளைகள் குடியிருக்கும் வரிசை வீடுகள், ஒரு வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி.

இசக்கிராஜ் இறங்கிச் சங்கிலி பார்த்தான். நான் இறங்கவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சீட்டில் சாய்ந்துவிட்டேன். வெயில்.

"தை மாசக் காலையில என்ன அண்ணாச்சி வெயிலு?" என்றான்.

தலைவலி என்றேன்.

ஜனவரி 23, வியாழன்

ஆம்பூர் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் என்னையறியாமல் ஓரங்கட்டிவிட்டேன். ஒரு அம்மாள் கூடையோடு ஓடி வந்து, "வாணியம்பாடி போவுமா?" என்று கேட்டது. இசக்கிராஜ் சிரித்து உருண்டுவிட்டான். அந்த அம்மாள் பின்னால் இருந்த காயிலைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, "காலங்காத்தாலயேவா?" என்று சொல்லிவிட்டுப் போனது.

பிப்ரவரி 1, சனி

வண்டி சர்வீஸில் நிற்கிறது. இரண்டு நாள் வீடு.

வீட்டில் புஷ்பலதா பரண்மேல் நின்றுகொண்டிருந்தாள். சோறு கொண்டுபோகிற தூக்குப்போசியைக் காணோமாம். அவள் கல்யாணத்துக்கு அவள் அம்மா வீட்டில் கொடுத்தது, மூடியில் அவள் பேர் வெட்டியிருக்கும். ஆவணியிலிருந்து தேடுகிறாள். நான் வந்த நேரத்திலெல்லாம் தேடுகிறாள். "கெடைக்கும் விடு" என்றேன். "கெடைக்கறதா இருந்தா கெடச்சிருக்கும்" என்று இறங்கிப் போய்விட்டாள்.

ஆவணியில்தான் மோகனப்பிரியாவும் போனாள். எங்களுக்கு ஒரே பெண். போனாள் என்று எழுதக்கூடாது, கல்யாணம் செய்துகொண்டாள். பையன் பெயர் ஜெயசீலன். எங்கள் ஆட்கள் இல்லை. பதிவு அலுவலகத்தில் மாலையோடு நின்ற போட்டோ ஊர் முழுக்கப் போன் போனாகச் சுற்றியது. இரண்டு பேரும் என் பஸ்ஸில்தான் காலேஜுக்குப் போனார்கள். "உங்க பஸ்சுலதானங்க ஏறுனா, உங்க முதுகுக்குப் பின்னாடிதான உக்காந்திருந்தா" என்று புஷ்பலதா ஒரே ஒருமுறை சொன்னாள். மறுபடி சொல்லவில்லை. ஒருமுறையே போதும்.

மைத்துனர்கள் வந்து உட்கார்ந்து, அவளோடு பேசுகிறவர்கள் எவரும் தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். புஷ்பலதா தலையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

மத்தியானம் என் பழைய பஸ் எங்கள் ஊர் வளைவில் போனது. புது டிரைவர் சும்மா பாம் என்று ஒன்று அடித்தான். அதற்கே புஷ்பலதா அடுப்படியிலிருந்து எழுந்துவிட்டாள். எழுந்து நின்று, எதற்கு எழுந்தோம் என்று யோசித்து, மறுபடி உட்கார்ந்தாள்.

எனக்கென்று ஒரு ஹாரன் உண்டு. ஒரு நீளம், இரண்டு குட்டை, மறுபடி ஒரு நீளம். மத்தியான நடையில் வளைவு திரும்பும்போது அடித்தால் இவள் சோற்றைப் போசியில் போடுவாள், மோகனா அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வருவாள். பாவாடை கட்டிய வயதிலிருந்து ஓடி வந்தாள். டிரைவர் ஜன்னல் எட்டாது. எம்பி எம்பி நீட்டுவாள். பஸ்ஸே வேடிக்கை பார்க்கும். "டிரைவருக்குச் சோறு ஏறிருச்சு, போலாம் ரைட்!" என்பான் மாதையன்.

பக்கத்து வீட்டுக்காரர் பஸ்ஸை ஏன் விட்டேன் என்று கேட்டார். முதலாளி பர்மிட்டை விற்கப் போகிறார் என்று சொல்லி வைத்தேன்.

பிப்ரவரி 8, சனி

முதல்முறை தனியாக.

கேபினில் ஒரு சீட்டு காலி. இசக்கிராஜ் வாய் ஓயாமல் பேசுகிறான் என்று சலித்துக்கொண்டவன், இன்று அந்தச் சீட்டைப் பார்த்துப் பார்த்து ஓட்டினேன். தலைக்கு மேலே வேறு பார்த்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸில் அங்கே ஒரு கண்ணாடி இருக்கும். அதில் எல்லாரும் தெரிவார்கள். தூங்குகிறவன், சண்டை போடுகிறவள், வெற்றிலை போடுகிறவர், எல்லாம். இங்கே அந்த இடத்தில் வெறும் தகரம்.

எடை மேடை அருகே ஒரு நாய் குறுக்கே வந்தது. ஹாரன் அடித்தேன். அங்கே நிறுத்தவில்லை, பொட்டலில் கூட்டமாக இருந்தது. சங்கிலியை வாலாஜா தாண்டித்தான் பார்த்தேன். கொஞ்சம் தளர்ந்திருந்தது. இறுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

புஷ்பலதா போன் செய்தாள். "சாப்ட்டாச்சுங்களா?" என்றாள். ஆச்சு என்றேன். "செரி" என்று வைத்துவிட்டாள். அந்த ஒரு கேள்விதான் எங்களுக்கு மிச்சம். அதையும் கேட்காமல் விட்டுவிடுவாளோ என்று சில நாள் பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு ரிட்டர்ன் லோடு. கருங்கல் பாளம். குவாரியில் இரண்டு நாள் வரிசையில் கிடந்தேன். கல்லுக்கும் எனக்கும் ஒரே மாதிரி முகம் ஆகிவிட்டது. அடுப்பு வைத்து ரசம் வைத்தேன், ஒரு ஆளுக்கு எவ்வளவு புளி என்று தெரியாமல் பத்துப் பேருக்கான புளியைக் கரைத்துவிட்டேன். குடிக்க ஆளில்லை. பக்கத்து வண்டிக்காரன் ராஜஸ்தான்காரன், அவனுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். நன்றி சொன்னானா, போதும் என்றானா, தெரியவில்லை.

எடை மேடைக்கு எதிர்ப்புறம் வரும்போது ஆட்டு மந்தை. ஹாரன்.

பிப்ரவரி 17, திங்கள்

காயில் லோடு. எடை மேடை அருகே மாடு. ஹாரன்.

பிப்ரவரி 21, வெள்ளி

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் யார்டிலிருந்து இரண்டு வண்டி ஒன்றாகக் கிளம்பினோம். முன்னால் நான், பின்னால் இசக்கிராஜ். எடை மேடையில் அவன் ஓரங்கட்டினான். நான் ஹாரன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். வாலாஜாவில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வாலாஜாவில் ஒரு மழைத் தூறல், வேலூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

வேலூர் தாண்டிப் பாலத்து இறக்கத்தில் பின்னால் டொக் என்று ஒரு சத்தம். பஸ்ஸாக இருந்தால் அதற்குள் நாலு பேர் "டிரைவரே!" என்று கத்தியிருப்பார்கள். ஒரு குரலும் இல்லை. எனக்கு முன்னால் ஒரு ஸ்கூல் வேன் போய்க்கொண்டிருந்தது. அதன் பின் கண்ணாடியில் பிள்ளைகள் மூக்கை வைத்து அழுத்தி எனக்கு அழகு காட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன்.

அப்போதுதான் இசக்கிராஜ் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டபடி பக்கத்தில் ஏறி வந்தான். ஜன்னல் வழியாகக் கையை விரித்து ஆட்டினான். பிரேக் போடாமல் மெதுவாக உருட்டி நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். முன்பக்கச் சங்கிலி மாலை மாதிரித் தொங்குகிறது. ஒரு ஆப்பு கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. காயில் ஒரு சாண் முன்னால் நகர்ந்து என் முதுகைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வேன் மட்டும் சட்டென்று நின்றிருந்தால், நானும் பிரேக்கை மிதித்திருந்தால்... எழுத வேண்டாம்.

இசக்கிராஜ் ஆப்பு அடித்தான், சங்கிலி இறுக்கினான். எல்லாம் முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"ஏன் அண்ணாச்சி எடை மேடையில நிக்கல?"

"கூட்டமா இருந்துச்சு."

"ஒரு வண்டி கெடையாது. நான் மட்டுந்தான் நின்னேன்."

நான் சங்கிலியை ஒருமுறை தட்டிப் பார்த்தேன்.

"ஆபீசுக்கு நான் சொல்லாம இருக்க முடியாது. பெரிய காரியம் இது. பிள்ளைய போற வேனு."

சொன்னான். மேனேஜர் போனில் கூப்பிட்டார். கத்தவில்லை. "சென்னியப்பண்ணா, இன்னொரு தடவை நிக்காமப் போனீங்கன்னா சாவியக் குடுத்துட்டுப் போயிருங்க" என்றார். சரிங்க என்றேன்.

டீக்கடையில் இசக்கிராஜ் இன்னொன்றும் கேட்டான். டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீய. நீங்க ஹாரன் அடிச்சிட்டுப் போன பொறவு, அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கமிருந்து ஒரு புள்ள ஓடியாந்துச்சு. நைட்டி, மேல துண்டு, கையில ஒரு தூக்குவாளி. ரோட்டு ஓரத்துல வந்து நின்னு உங்க வண்டி போற தெசையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. டீக்கடைக்காரர் சொல்லுதாரு, இந்த ஹாரன் கேக்கும்போதெல்லாம் அது ஓடியாருமாம். யாரு அண்ணாச்சி?"

தெரியாது என்றேன்.

என் டீ ஆறிப்போயிருந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 22, சனி

நாயும் இல்லை. ஆடும் இல்லை. மாடும் இல்லை.

சொந்த டைரியில் பொய் எழுதுகிறவனை என்னவென்று சொல்வது? மாதையன்தான் தை பிறக்குமுன் சொன்னான், ஜெயசீலனுக்கு அந்தப் பக்கம் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை, எடை மேடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி வீடு என்று. அந்த ரோட்டில் எந்த லாரி போகிறது என்று விசாரித்துத்தான் இந்தக் கம்பெனியில் வந்து சேர்ந்தேன். முழங்கால் வலி இல்லை. பர்மிட்டையும் யாரும் விற்கவில்லை. என் பஸ்ஸில் மோகனா உட்கார்ந்த, என் முதுகுக்குப் பின் சீட்டில் தினமும் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். ஏறுகிற சனமெல்லாம் "பொண்ணு பேசுச்சா டிரைவரே?" என்று கேட்டது. எப்படி ஓட்டுவது?

கல்யாணம் முடிந்த அன்று அவள் போன் செய்தாள். மைத்துனர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்கப்புறம் அவள் கூப்பிடவில்லை. அதனால்தான் ஹாரன் மட்டும் அடித்தேன். ஹாரனுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. நின்றால், அவள் வரவில்லையென்றால், எனக்குத் தெரிந்துபோய்விடும். நிற்காமல் போனால் தெரியாது. அவ்வளவுதான் கணக்கு.

அவள் வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வந்திருக்கிறாள். நான்தான் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

எனக்கு என் பெண்ணைப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கல் லோடு. எதிர்ப்புறம் போனேன். ஹாரன் அடிக்கவில்லை. அந்தப் பக்கம் நிறுத்த இடமில்லை. நிற்க முடியாத இடத்தில் அடித்து அவளை மறுபடி ஓட விட மாட்டேன்.

அடிக்காமல் போனதும் ஒரு சந்தேகம். நான் அந்த வழி வருவதை விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்வாளோ?

மார்ச் 2, ஞாயிறு

வீடு. புஷ்பலதா இன்று எதையும் தேடவில்லை. பருப்புப்பொடி அரைத்தாள். கொள்ளு போட்டு, பூண்டு தூக்கலாக. மோகனாவுக்கு அது இருந்தால் போதும், குழம்பே கேட்க மாட்டாள்.

கிளம்பும்போது பையில் இரண்டு பொட்டலம் வைத்தாள்.

"எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"ஒன்னு உங்களுக்கு" என்றாள்.

இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாசல் வரை வந்தாள். எப்போதும் வர மாட்டாள்.

"மெட்ராசுக்கு எந்த வழிங்க போவீங்க?"

"காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் வழி."

"மாதையன் சம்சாரம் சொல்லுச்சு" என்றாள். என்ன சொன்னது என்று சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 5, புதன்

காயில். சங்கிலியை நானே கட்டினேன். டிங் என்று பேசியது. வாயைக் குவித்து விசில் கொடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சுங்குவார்சத்திரம் தாண்டியதும் இண்டிகேட்டர் போட்டேன். எடை மேடைப் பொட்டலில் வண்டியை இறக்கி நிறுத்தினேன். ஹாரன் அடிக்கவில்லை. முதலில் வேலை. இறங்கி ஒவ்வொரு சங்கிலியாகத் தட்டினேன். இரண்டு தொப் என்றது. காலையில் அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தேன், இப்போது விரல் நுழைகிறது. இறுக்கினேன். ஆப்பு அடித்தேன். வேண்டுமென்றே மெதுவாகச் செய்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போனதும் டயரையெல்லாம் சுற்றி வந்து தட்டினேன். அதுவும் முடிந்தது.

கேபினில் ஏறி ஹாரனில் கையை வைத்தேன். பஸ்ஸில் இதை யோசிக்காமல் அடிப்பேன். ஒரு நீளம், இரண்டு குட்டை, ஒரு நீளம்.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "நிக்கற வண்டிக்கு எதுக்குய்யா ஹாரன்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார், உள்ளே போனார்.

யாரும் வரவில்லை. கேபினில் இருக்க முடியவில்லை. இறங்கிப் பின்பக்கம் போய், இறுக்கிய சங்கிலியையே மறுபடி இறுக்கினேன். வேலைக்குப் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டேன். போன நடையில் ஹாரன் கேட்கவில்லை, விட்டது தொல்லை என்று இருந்திருப்பாள் என்றும் சொல்லிக்கொண்டேன். இன்னொரு தடவை அடிக்கலாமா என்று நினைத்தேன். பயந்தேன். ஆமாம், பயம்தான்.

அப்போது செருப்புச் சத்தம். ஓடி வருகிற சத்தம். ரோட்டைப் பார்த்தபடி ஓடி வந்தவள், பொட்டலில் வண்டி நிற்பதைப் பார்த்ததும் சடாரென்று நின்றாள். நேராக டிரைவர் ஜன்னலுக்குப் போனாள். பழைய பழக்கம். கேபின் பஸ்ஸைவிட உயரம். போசியைத் தலைக்கு மேலே தூக்கி, எம்பினாள். உள்ளே ஆளில்லை. "அப்பா" என்றாள், காலி ஜன்னலைப் பார்த்து.

"இங்க கண்ணு" என்றேன்.

திரும்பினாள். இளைத்திருக்கிறாள். கழுத்தில் மஞ்சள் கயிறு. கிட்ட வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள்.

"எத்தன தடவதானுங்கப்பா சோத்தத் தூக்கிட்டு ஓடியாறது? நான் வாறதுக்குள்ள நீங்க போயிட்டே இருக்கறீங்க. ஹாரன் அடிச்சுட்டு ஸ்டாப்பிங்ல நிக்காமப் போற டிரைவர நான் உங்களத்தான் பாக்கறேன்."

"தப்புத்தான் கண்ணு."

"நேத்து வரைக்கும் கேக்கல. இனி வரமாட்டீங்கன்னுட்டு இன்னிக்கு ஒலையே வெக்கல. ஹாரன் கேட்டதுக்கப்பறம் பக்கத்து வீட்ல சோறு வாங்கிப் போட்டுட்டு வாறேன். அதான் லேட்டு."

அதற்குமேல் அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. டிரெய்லர் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். டீக்கடைக்காரர் இரண்டு டீயை ஸ்டூலில் வைத்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் போனார்.

போசியைத் திறந்தேன். மூடியில் 'கு. புஷ்பலதா' என்று வெட்டியிருந்தது.

"அம்மா தேடுதா?" என்றாள்.

"பரண இன்னும் இடிக்கல. அது ஒன்னுதான் பாக்கி."

"வேற ஒன்னும் எடுக்கலீங்கப்பா. ஒரு குண்டுமணி எடுக்கல. இது மட்டும் எடுத்துட்டு வந்தேன். என்னைக்காச்சும் உங்க ஹாரன் கேட்டா எதுல சோறு கொண்டாறது?"

பக்கத்து வீட்டுச் சோறு, யாரோ வைத்த கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பருப்புப்பொடிப் பொட்டலத்தைக் கொடுத்தேன். அங்கேயே பிரித்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொண்டாள். "பூண்டு அதிகம்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அம்மா கோவமா அரைச்சா இப்படித்தான் போடும்."

ஜெயசீலன் ஷிப்டில் இருக்கிறானாம். நல்லபடி வைத்திருக்கிறானா என்று கேட்டேன். "அவருக்குச் சமையல் தெரியும்ப்பா. எனக்குத்தான் தெரியல" என்றாள். அடுத்த தடவை அவனும் வீட்டில் இருக்கட்டும் என்றேன். தலையை ஆட்டினாள்.

காலிப் போசியை நீட்டினேன். வாங்கவில்லை.

"அம்மாகிட்டக் குடுத்துருங்க. தேடுதுல்ல."

நேரம் ஆகிவிட்டது. கேபினில் ஏறினேன். ஸ்டார்ட் செய்தேன். கால் வழக்கம்போல் நின்றது. வாயைக் குவிக்கப் போனேன். அதற்குள் வண்டியின் பக்கவாட்டில் படபடவென்று இரண்டு தட்டு.

"போலாம் ரைட்!" என்று கத்தினாள் என் மகள்.

எடுத்தேன். இந்த முறை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனேன். வளைவு வருகிற வரைக்கும் நின்றுகொண்டிருந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

ஓசூரில் வண்டியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று சேலம் வரை யோசித்தேன். ஒன்றும் ஓடவில்லை. போசியைப் பையிலிருந்து எடுத்து அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டேன். பையன்கள் கண்ணாடியை உடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.

உள்ளே சத்தமே இல்லை. பிறகு குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். புளி போட்டுத் தேய்க்கிற சத்தம். ஏற்கெனவே கழுவித்தான் கொண்டு வந்திருந்தேன். அவள் மறுபடி தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. அப்புறம் அடுப்பில் ஏதோ பொரிகிற சத்தம்.

எழுந்து போகலாமா என்று நினைத்தேன். அண்ணன்மார் பேச்சை எடுப்பாளோ, பையைத் தூக்கி வெளியே வைப்பாளோ என்றும் நினைத்தேன். அதற்குள் அவளே வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் போசி, மூடி போட்டு, துணி சுற்றி. கனமாக இருந்தது. நெய் வாசம் வந்தது. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டிருக்கிறாள்.

"ஏனுங்க, பாத்திரத்த வெறுசாத் திருப்பிக் குடுக்கக் கூடாது" என்றாள். "அடுத்த லோடு என்னைக்கு?"